அமெரிக்கக் கல்லூரியில் விளையாடப் போகிற திருகோணமலைப் பிள்ளைகளுக்கு: அமெச்சூர் தகுதியை இங்கேயே காப்பாற்றிக்கொள்வது எப்படி

ஒருநாள் பின்னேரம் ஏகாம்பரம் மைதானத்தில் பயிற்சி முடிந்து நிற்கும்போது ஒரு பையன் தன் போனைக் கொண்டுவந்து காட்டினான். அமெரிக்காவில் ஒரு கல்லூரிப் பயிற்றுநர் அவனுடைய உதைபந்தாட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். விளையாட்டைப் பற்றி ஒரு வரிதான், மிச்சமெல்லாம் கேள்விகள்: பள்ளிக்கூடம் எப்போது முடித்தாய், அதற்குப் பிறகு எந்தக் கழகத்துக்கு விளையாடினாய், யாராவது காசு தந்தார்களா, எங்கேயாவது கையெழுத்துப் போட்டாயா. பையன் உயர்தரம் இரண்டாந்தரமும் மூன்றாந்தரமும் எடுத்தவன், அந்த இரண்டு வருடமும் லீக்கும் விளையாடி, கிண்ணியாவிலிருந்து குச்சவெளி வரை நடந்த ஏழுபேர் சுற்றுப்போட்டி ஒன்றையும் விடாமல் விளையாடியவன். எங்கே எப்போது விளையாடினான், பரிசுக்காசு எவ்வளவு, யார் பிரித்தெடுத்தார்கள், ஒன்றுக்கும் துண்டுச்சீட்டுக்கூட இல்லை. அவனோடு இருந்து மூன்று கிழமையாக அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினேன். அதில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்கு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் பிரிவு கிடைக்கவில்லை. ஒரு வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும், அது இன்னும் எனக்கு மனவருத்தம்.

அந்தக் கேள்விகளெல்லாம் நீங்கள் அமெச்சூரா, அதாவது காசுக்காக விளையாடாதவரா என்று பார்க்கிற விதிகளிலிருந்து வருபவை. முதலில் இந்த விதிகள் யாருடையவை என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,100 கல்லூரிகள் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கீழ் விளையாடுகின்றன. அதில் மூன்று பிரிவு: டிவிஷன் ஒன்று, இரண்டு, மூன்று. விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் தருவது முதல் இரண்டும்தான். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காகக் காசு இல்லை, படிப்புக்கும் குடும்ப வசதியைப் பார்த்தும் தருவார்கள். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் முதல் பிரிவில் இருந்தாலும் விளையாட்டுப் புலமைப்பரிசில் தருவதில்லை. இவை தவிர என்.ஏ.ஐ.ஏ. என்றும், இரண்டு வருடக் கல்லூரிகளுக்கு என்.ஜே.சி.ஏ.ஏ. என்றும் வேறு அமைப்புகள் உண்டு, அவற்றுக்குச் சொந்த விதிகள். ஒன்றில் கதவு அடைபட்டால் மற்றதில் தட்டலாம்.

உங்கள் விளையாட்டு அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள். கிரிக்கெட், வலைப்பந்து, கபடி, எல்லே எதுவும் என்.சி.ஏ.ஏ.யில் இல்லை. உதைபந்து, மெய்வல்லுநர், நீச்சல், டென்னிஸ், கரப்பந்து உண்டு, ஆனால் ஆண்கள் கரப்பந்து நடத்தும் கல்லூரிகள் பெண்களுடையதை விட மிகக் குறைவு. கடற்கரைக் கரப்பந்து பெண்களுக்கு மட்டும். உப்புவெளி, நிலாவெளி மணலில் விளையாடி வளர்ந்த தங்கச்சிமார் இதைக் கவனியுங்கள், 2016 முதல் அதற்குத் தேசிய சாம்பியன்ஷிப் நடக்கிறது.

இன்னொன்று, 2021க்குப் பிறகு இந்த விதிகள் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டிருக்கின்றன. நான் சொல்வது அடிப்படை. படிவம் நிரப்புகிற அன்று அந்த வருடத்துக்கான என்.சி.ஏ.ஏ. வழிகாட்டியை இறக்கி வாசித்துவிட்டு நிரப்புங்கள், அது இலவசம்.

சரி, எங்கள் பிள்ளைகள் அதிகம் அகப்படுகிற இடத்துக்கு வருவோம். அது காலக்கணக்கு. காசு என்றால் எல்லோரும் கொஞ்சம் பயந்து கவனமாக இருப்பார்கள், வருடங்கள் போவதை யாரும் கவனிப்பதில்லை. நீண்டகால விதிப்படி, டிவிஷன் ஒன்றில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு, பள்ளிக்கூடம் முடியவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம் சலுகைக்காலம். டென்னிஸுக்கு ஆறு மாதம்தான். அதற்குப் பிறகும் கல்லூரியில் சேராமல், ஒழுங்குபடுத்தப்பட்ட போட்டியில் விளையாடிய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பருவம், அதாவது கல்லூரிக்காக ஒரு வருடம் விளையாடுகிற வாய்ப்பு, கழியும். மொத்தமே நான்கு பருவம்தான் கிடைக்கும், அதில் ஒன்று போவதோடு, கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் விளையாடாமல் வெளியே இருக்கவும் வேண்டும். இரண்டு வருடம் அப்படிப் போன ஒருவரைப் பயிற்றுநர் ஏன் எடுக்கப்போகிறார்?

இதில் கவனிக்கவேண்டியது 'பள்ளிக்கூடம் முடியவேண்டிய நாள்' என்பது. நீங்கள் முடித்த நாள் என்று அங்கே எழுதவில்லை. இரண்டாந்தரம், மூன்றாந்தரம் எடுப்பதால் அந்த நாள் தள்ளிப்போகாது. எங்கள் ஊரில் உயர்தரம் எழுதிவிட்டு முடிவு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பதும், முடிவு சரியில்லை என்று மறுபடி எழுதுவதும், பல்கலைக்கழக அனுமதிக்காக இன்னும் ஒரு வருடம் இருப்பதும் சாதாரணம். அந்த நேரத்தில் பையன் என்ன செய்வான், கழகத்துக்கு விளையாடத்தான் செய்வான். ஒவ்வொரு நாட்டுக்கும் இந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதை என்.சி.ஏ.ஏ. தன் சர்வதேசக் கல்வித் தரக் கையேட்டில் வெளியிடுகிறது. பிரித்தானிய முறையில் வந்த நாடுகளில் சாதாரண தரத்தையே பள்ளி முடிவாக எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே இலங்கைக்கான பக்கத்தை எடுத்துப் பாருங்கள், பிறகு உங்களைத் தேடுகிற கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலரிடம் (விதிகளைக் கவனிப்பதற்கென்றே ஒவ்வொரு கல்லூரியிலும் ஒருவர் இருப்பார்) 'என் கணக்கு சாதாரண தரத்திலிருந்தா, உயர்தரத்திலிருந்தா' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். பதினாறு வயதிலேயே கேட்டால் நல்லது.

'ஒழுங்குபடுத்தப்பட்ட போட்டி' என்றால் லீக்கும் தேசியமட்டமும்தான் என்று நினைக்கவேண்டாம். புள்ளி எண்ணிக்கை வைத்தது, நடுவர் நின்றது, முன்கூட்டியே அறிவித்தது, அணிக்கு ஜேர்சி இருந்தது, வாசலில் டிக்கெட் விற்றது, யாராவது அனுசரணை கொடுத்தது, முன்பே பெயர் எழுதி அணி அமைத்தது, இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். கோயில் திருவிழாவுக்கு நடக்கிற ஏழுபேர் சுற்றுப்போட்டியில் இவை எல்லாமே இருக்கும்! அதனால் சலுகைக்காலம் முடிந்த பிறகு வெறும் பயிற்சி செய்யுங்கள், கடற்கரையில் நண்பர்களோடு ஓடுங்கள், ஜேர்சி போட்டு விசில் ஊதுகிற ஆட்டத்துக்கு இறங்காதீர்கள். கழகத்து அண்ணாமார் கோபிப்பார்கள், 'ஒரு மேட்ச்தானே, வாடா' என்பார்கள். அந்த ஒரு மேட்ச் ஒரு பருவத்தைத் தின்னும் என்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இதே காலக்கணக்கில் இன்னொரு பொறி, உள்ளூர் உயர்கல்வி. சும்மா இருக்காமல் ஏதாவது படிப்போம் என்று கோணேசபுரி வளாகத்திலோ, உயர் தொழில்நுட்ப நிறுவனத்திலோ முழுநேர மாணவராகப் பதிந்தால், அமெரிக்கக் கண்ணில் நீங்கள் கல்லூரியில் சேர்ந்துவிட்டீர்கள். டிவிஷன் ஒன்றில் எந்த நாட்டிலானாலும் முழுநேரமாகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடக் கணக்கு ஓடத் தொடங்கும் என்பதுதான் நீண்டகால விதி. புதிதாகச் சேர்கிற மாணவர் என்ற நிலை போய், இடமாறி வருகிற மாணவராகப் பார்ப்பார்கள். ஆங்கில வகுப்பு, கணினிக் குறுங்கோர்ஸ் மாதிரிப் பகுதிநேரப் படிப்புகளுக்கு இந்தப் பிரச்சினை பொதுவாக இல்லை. ஆனாலும் பதியும் முன் முழுநேரமா பகுதிநேரமா என்று எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள்.

இப்போது காசு. என்.சி.ஏ.ஏ. இந்த விஷயத்தை 'உண்மையான, தேவையான செலவு' என்ற ஒரே அளவுகோலால் அளந்து வந்திருக்கிறது. போட்டிக்குப் போக வான் வாடகை, சாப்பாடு, தங்குமிடம், சப்பாத்து, ஜேர்சி, நுழைவுக் கட்டணம், பயிற்றுநருக்குக் கொடுப்பது, மருத்துவம் எல்லாம் செலவு. இதைக் கழகம் கொடுக்கலாம், கடைக்காரர் கொடுக்கலாம், பக்கத்து வீட்டு மாமா கொடுக்கலாம், கனடாவில் இருக்கிற ஊர்ச்சங்கம் அனுப்பலாம். பிரச்சினை செலவுக்கு மேலே கையில் மிஞ்சுகிற காசில்தான் தொடங்குகிறது. பரிசுக்காசும் அப்படியே: கல்லூரியில் சேரும் முன், போட்டியை நடத்தியவர் நீங்கள் பெற்ற இடத்துக்குத் தருகிற பரிசு, அந்தப் போட்டிக்கான உங்கள் செலவைத் தாண்டாமல் இருந்தால் சரி என்பது நெடுங்கால விதி. டென்னிஸில் மட்டும் வருடத்துக்கு 10,000 டாலர் வரை விட்டுக்கொடுத்தார்கள். 2021 யுஎஸ் ஓப்பனில் விளையாடிய ரீஸ் பிராண்ட்மையர் என்ற பெண் ஏறத்தாழ 49,000 டாலர் பரிசு வென்றும் பெரும்பகுதியை எடுக்க முடியாமல் போய், 2024 மார்ச்சில் என்.சி.ஏ.ஏ.க்கு எதிராக வழக்குப் போட்டார். அதற்குப் பிறகு இந்தப் பரிசுக்காசு விதி இளகிக்கொண்டு வருகிறது. ஆனால் பிரிவுக்குப் பிரிவு, அமைப்புக்கு அமைப்பு வேறுபடும், 'எல்லாம் இப்போது ஓகே' என்று யாராவது சொன்னால் நம்பிக் கைநீட்டவேண்டாம்.

நாட்டுக்காக வென்றால் கணக்கு வேறு. சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீற்றர் பட்டர்ஃபிளையில் தங்கம் வென்றபோது டெக்ஸஸ் பல்கலைக்கழக மாணவர். அவருடைய நாடு கொடுத்த பரிசு பத்து இலட்சம் சிங்கப்பூர் டாலர். அதை வாங்கிக்கொண்டும் அவர் தொடர்ந்து கல்லூரிக்காக நீந்தினார், ஏனென்றால் தேசிய ஒலிம்பிக் அமைப்பு தருகிற பரிசுக்கு 2015 முதல் வெளிநாட்டு மாணவருக்கும் விலக்கு உண்டு. ஆனால் மாகாணமட்டத்தில் வென்று வந்த பிள்ளைக்கு ஊரில் பாராட்டு விழா வைத்து, மாலை போட்டு, மேடையில் ஒரு அரசியல்வாதியோ வியாபாரியோ கொடுக்கிற காசு உறை இந்த விலக்குக்குள் வராது. உறையை வாங்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பல வீடுகளில் அந்தக் காசுதான் அடுத்த மாதச் சாப்பாடு. ஒரு வழி சொல்கிறேன்: விழா நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே பேசி, அதைச் சப்பாத்தாகவோ, பயிற்சிச் செலவாகவோ, போட்டிக்கான பயணச் செலவாகவோ பற்றுச்சீட்டோடு தரச் சொல்லுங்கள். காசாகவே வந்துவிட்டதா, தொகையையும் திகதியையும் கொப்பியில் எழுதுங்கள், படிவத்திலும் அப்படியே சொல்லுங்கள்.

சிறுபிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஊரில் மற்றவர்கள் வாங்குகிற அளவுக்குச் சம்பளம் வாங்குவது பிரச்சினை இல்லை. ஆனால் விளையாடுவதற்காக மாதச் சம்பளம் தருகிற இடம் வேறு கதை. கொழும்புக் கழகமோ, வேலை என்ற பெயரில் அணிக்கு ஆள் எடுக்கிற நிறுவனமோ, படைப்பிரிவு அணியோ எதுவாக இருந்தாலும், உங்களை எடுத்ததே பந்துக்காக என்றால் அந்தச் சம்பளத்தைத் தொழில்முறை வருமானமாகப் பார்க்க இடமுண்டு. நல்ல வேலை கிடைத்தால் போவது உங்கள் குடும்பத்தின் முடிவு, அதில் தப்பே இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்கவேண்டாம்.

கையெழுத்து விஷயம் காசைவிடச் சிக்கல். கழகப் பதிவுப் படிவம் என்று நீட்டுவார்கள், உள்ளே ஆங்கிலத்தில் ஊதியம் பற்றி ஒரு வரி இருக்கும். வாசிக்காமல் போடாதீர்கள், போட்டால் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருக்கிற அணியில் கல்லூரிக்கு முன் விளையாடியதாலேயே டிவிஷன் ஒன்றில் தகுதி போய்விடாது, செலவுக்கு மேலே உங்களுக்கு வாக்குறுதி தந்தார்களா என்றுதான் பார்ப்பார்கள்.

முகவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லவேண்டும். 'அமெரிக்காவில் ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தருகிறோம்' என்று வருகிறவர்கள் இரண்டு வகை. உங்கள் வீடியோவையும் விபரத்தையும் கல்லூரிகளுக்கு அனுப்ப நிலையான ஒரு கட்டணம் வாங்குகிறவர்கள் ஒரு வகை, அதற்கு அனுமதி உண்டு. 'கிடைக்கிற புலமைப்பரிசிலில் இத்தனை வீதம் எங்களுக்கு' என்று பேசுகிறவர்கள் மற்ற வகை. கிடைக்கிற தொகையோடு கட்டணத்தைக் கட்டிவிட்டால் அவர் விதிப்படி முகவராகிவிடுவார், உங்கள் தகுதி ஆட்டம் காணும். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தமாகவே எடுக்கப்படும். அப்பா அம்மா உங்கள் சார்பில் தலையாட்டியதும் அப்படித்தான், ஆகவே இதை வீட்டிலும் வாசித்துக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து ஒருவரிடம் முற்பணம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் வந்து கேட்டது. கல்லூரிப் பயிற்றுநர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அந்தந்தக் கல்லூரி இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கிறபடி இருக்கின்றன. மூன்று நிமிட வீடியோ, பெறுபேறுகள், பிறந்த வருடம், உயரம், ஓட்ட நேரம், இவற்றோடு நீங்களே எழுதலாம். முகவருக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

கல்லூரி விளையாட்டுக்காரர் தன் பெயரையும் படத்தையும் வைத்து உழைக்க 2021 ஜூலை 1 முதல் அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட இணக்கத்தின்படி கல்லூரிகளே ஆட்டக்காரருக்கு வருமானத்தில் நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். இதைக் கேட்டுவிட்டு 'அப்படியென்றால் அமெச்சூர் என்பதே முடிந்துவிட்டது' என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். சேரும் முன் உள்ள கணக்கை அது துடைத்துவிடவில்லை, காலக்கணக்கைத் தொடவே இல்லை. அதோடு நீங்கள் போவது எஃப்-1 மாணவர் வீசாவில். படிக்கும் காலத்தில் வளாகத்துக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், விளம்பரத்துக்கு நடித்துக் காசு வாங்கினால் அது வீசாவையே பாதிக்கும். அமெரிக்கப் பிள்ளை செய்வதைப் பார்த்து நீங்களும் செய்யவேண்டாம், கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படிப்புத் தகுதியையும் என்.சி.ஏ.ஏ.தான் சரிபார்க்கும். ஒன்பதாம் ஆண்டிலிருந்து 16 கோர் (அடிப்படைப்) பாடங்கள், நான்குக்குக் கணக்கிடுகிற சராசரிப் புள்ளி முதல் பிரிவுக்கு 2.3, இரண்டாம் பிரிவுக்கு 2.2. எஸ்.ஏ.டி. என்கிற அமெரிக்கக் கல்லூரி அனுமதிப் பரீட்சை என்.சி.ஏ.ஏ.க்கு 2023 முதல் தேவையில்லை, கல்லூரி தனியாகக் கேட்கலாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து ஆங்கிலத்தில் எடுங்கள். பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை தமிழில் இருந்தால் மூலப்பிரதியோடு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதியும் வேண்டும். பெயர்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி: பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முன்னால், பெறுபேற்றுத் தாளில் முதலெழுத்து மட்டும். பாஸ்போட்டில் எப்படியோ அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள், வேறுபாடு இருந்தால் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

பதிவு செய்வது என்.சி.ஏ.ஏ. எலிஜிபிலிட்டி சென்டர் (தகுதியைச் சரிபார்க்கிற அலுவலகம்) இணையத்தளத்தில். எந்தப் பிரிவு என்று இன்னும் தெரியாவிட்டால் இலவசப் பக்கத்தில் தொடங்கலாம். முதல் அல்லது இரண்டாம் பிரிவு என்று தெரிந்தால் கட்டணம் கட்டிச் சான்றிதழ்க் கணக்குத் திறக்கவேண்டும், வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் கொஞ்சம் கூட. அங்கே விளையாடிய ஒவ்வொரு அணி, போட்டி, திகதி, வாங்கிய காசு, போட்ட கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், 'இதைச் சொன்னால் வெட்டிவிடுவார்களோ' என்று. சொல்லுங்கள். சின்ன மீறலுக்குப் பெரும்பாலும் சில ஆட்டங்கள் வெளியே இருக்கச் சொல்வார்கள், வாங்கிய காசை ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கட்டச் சொல்வார்கள், அதோடு முடிந்துவிடும். மறைத்தது பிறகு வெளியே வந்தால் அப்படி முடியாது, பொய் சொன்னதே தனிக் குற்றம். பேஸ்புக்கில் உங்கள் கழகம் போட்ட வெற்றிப் படம், பெரிய அட்டைக் காசோலையோடு நீங்கள் நடுவில் நிற்கிறது, அதை அங்கே இருந்தும் பார்க்கலாம்.

அதனால் இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, இடம், போட்டியின் பெயர், எந்த அணி, யார் நடத்தியது, பரிசு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு, செலவு எவ்வளவு. வான் வாடகைச் சீட்டு, சாப்பாட்டு பில் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். பரிசுக்காசைக் கழகம் பொதுவாக வைத்துக்கொண்டால் செயலாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், 'இவர் பங்கு எடுக்கவில்லை' என்று இரண்டு வரி, திகதி, முத்திரை. பள்ளிக்கூடப் போட்டிகளுக்கு அதிபரின் கடிதம். அந்தப் பையனுக்காக மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு சுற்றுப்போட்டியின் செயலாளரைத் தேடி மூதூருக்குப் போனோம், அவர் வெளிநாடு போய் ஒரு வருடமாகியிருந்தது.

ஆகஸ்டில் படிப்புத் தொடங்குகிறவர்கள் அந்த வருடம் ஏப்ரல் 1 முதல், கணக்குக்குள் போய் இறுதி அமெச்சூர் சான்றிதழைக் கேட்கவேண்டும். ஜனவரியில் தொடங்குகிறவர்களுக்கு முந்திய வருடம் அக்டோபர் 1. இதை நீங்களாகவே அழுத்திக் கேட்கவேண்டும், தானாக வராது. பலர் பதிவோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சான்றிதழ் வந்த பிறகும் விமானம் ஏறும்வரை நடக்கிறதெல்லாம் கணக்கில்தான். ஆடியிலும் ஆவணியிலும் ஊரில் திருவிழா, சுற்றுப்போட்டி நிறைய வரும், 'போகப்போகிறாய்தானே, கடைசியாக ஒன்று விளையாடிவிட்டுப் போ' என்று கூப்பிடுவார்கள். கம்ப்ளையன்ஸ் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, போட்டியின் பெயர், திகதி, பரிசு விபரத்தைச் சொல்லி, ஆம் என்று பதில் வந்தால் இறங்குங்கள். பதில் வராவிட்டால் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுங்கள்.